திரையை யாருக்காக ஒழுங்குபடுத்துவது

லினக்ஸ் கணினியைச் சில காலம் புழங்கியவர்களிடையே மீண்டும் மீண்டும் எழும் ஒரு கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே விடைகள்தாம் சொல்லப்படுகின்றன. அவற்றில் எதுவும் பொய்யில்லை, ஆயினும் கேள்வி தீர்ந்தபாடில்லை. க்னோம், கே.டி.இ. பிளாஸ்மா போன்ற முழுமையான டெஸ்க்டாப் சூழல் ஒன்றையே வைத்துக்கொள்வதா, அல்லது ஐ3, ஸ்வே, டி.டபிள்யூ.எம். போன்ற டைலிங் சாளர மேலாளர் ஒன்றுக்கு மாறிவிடுவதா என்பதே அக்கேள்வி. திரையில் திறக்கும் சாளரம் எங்கே, எவ்வளவு பெரிதாக, எதன்மேல் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலுக்குச் சாளர மேலாளர் என்று பெயர். அதில் டைலிங் வகையைச் சேர்ந்தது, சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்க இடம்கொடாமல் திரைப்பரப்பு முழுவதையும் அவற்றுக்குப் பங்கிட்டுத் தருவதோடு, சுட்டியைவிட விசைப்பலகையையே நம்பி நடப்பது. டெஸ்க்டாப் சூழலோ, சாளர மேலாளரைத் தன் பல உறுப்புகளில் ஒன்றாகக் கொண்டு, கோப்பு உலாவி, அறிவிப்புகள், வலையிணைப்பு, ஒலி, திரைப்பூட்டு, அச்சு என்று அன்றாடம் தேவைப்படும் அனைத்தையும் ஒரே பாணியில் தொகுத்துத் தருவது. வேகம், நினைவகச் செலவு, விசைப்பலகையை விட்டுக் கையை எடுக்காத வசதி ஆகியவற்றை ஒருபுறமும், எளிமை, அழகு, நிறுவியவுடன் வேலைசெய்யும் நம்பகம் ஆகியவற்றை மறுபுறமும் வைத்து நிறுப்பதே வழக்கமான விடை. அப்படி நிறுத்துப் பார்த்து, இலேசானது என்று டைலிங்கைத் தேர்ந்துகொண்ட ஒருவரின் கணினி ஓராண்டுக்குப் பின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பவருக்கு ஓர் உறுத்தல் தோன்றாமல் போகாது. விட்டுவந்த சூழலில் இருந்த அனைத்தும் அதில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேர்ந்திருக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், அந்தக் கணினியின் முன் இப்போது அவரைத் தவிர வேறு எவராலும் உட்கார்ந்து ஒரு கடிதம் அடிக்க இயலாது. அவர் உண்மையில் எதைத் தேர்ந்தார் என்பதுதான் இங்கே பிடிபடாத செய்தி.

சாளரங்களை அடுக்குவதா, ஒன்றன்மேல் ஒன்று கிடத்துவதா என்ற வழக்கு லினக்ஸைவிட மூத்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970-களில் உருவான ஸ்மால்டாக் சூழலில் சாளரங்கள் மேசைமேல் போட்ட தாள்களாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அதே நிறுவனம் 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியிலோ அவை முட்டாமல் மோதாமல் அடுக்கி நிறுத்தப்பட்டன. மேற்படியும் சாளரங்களைப் பெற்ற சோதனைப் பயனர்கள், அவை மேற்படியாதவாறு நகர்த்தி வைப்பதிலேயே பொழுதைச் செலவிட்டதைக் கண்ட வடிவமைப்பாளர்கள் அந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்று முடிவெடுத்தார்கள். பிறகு, மேற்படிய வேண்டிய சூழல்களும் உண்டென்று உணர்ந்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1985 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் முதல் பதிப்பும் சாளரங்களை அடுக்கி வைத்ததே; 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. அந்த ஆய்வு மையத்தைச் சேர்ந்த சாரா பிளை, ஜாரெட் ரோசன்பெர்க் ஆகிய இருவரும் 1986-இல் வெளியிட்ட ஒப்பீடு ஒன்று இன்றும் மறுவாசிப்புக்கு உரியது. சாளரத்தின் வடிவத்துக்குள் உள்ளடக்கம் ஒழுங்காக அடங்கும் வேலைகளில் அடுக்கு முறை விரைவாக இருந்தது. அடங்காத வேலைகளிலோ, மேற்படியும் சாளரங்களைக் கையாள்வதில் தேர்ந்த சிலர் விரைந்தார்கள், மற்றவர்கள் பின்தங்கினார்கள். அதாவது விடை சாளரத்தில் மட்டும் இல்லை. வேலையின் தன்மையிலும் ஆளின் பழக்கத்திலும் அது பாதிப் பாதியாகக் கிடந்தது. நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்கள் இந்த முடிவைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டதாகத் தெரியவில்லை.

டைலிங் முறையின் இயல்பு அதன் கணக்கிலேயே இருக்கிறது. திரையின் பரப்பு மாறாதது. எனவே புதிதாக வரும் ஒவ்வொரு சாளரமும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றிடமிருந்துதான் இடத்தைப் பெற்றாக வேண்டும், வரப்பைத் தள்ளிப் போட்டால் அடுத்த வயல் குறுகுவதைப் போல. மூன்று முனையங்களை, அதாவது கட்டளைகளை எழுத்தாகத் தட்டிப் பணிபுரியும் சாளரங்களை, அருகருகே வைத்து நிரல் எழுதுபவருக்கு இந்தக் கணக்கு இன்பமானதே: எதுவும் எதன் பின்னாலும் ஒளிந்துகொள்வதில்லை, தேடும் வேலையில்லை, இடப்பக்கம் என்றால் அது இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நீண்ட கட்டுரையொன்றைப் படித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் இன்னொரு சாளரம் திறந்தால், படித்துக்கொண்டிருந்த பத்தி சட்டென்று பாதி அகலத்துக்குச் சுருங்கி, வரிகள் யாவும் புதிதாக உடைந்து, கண் நிலைத்திருந்த சொல் எங்கோ கீழே போய்விடுகிறது. நொடியில் முடிந்துவிடும் இந்தச் சிறு திடுக்கிடல் எந்த அளவீட்டிலும் பதிவாவதில்லை. நினைவகச் செலவை மெகாபைட் கணக்கில் ஒப்பிடுபவர்களின் அட்டவணைகளில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஒளிப்படத்தைத் திருத்தும் நிரலும் சிறு கேள்வி கேட்டு மறையும் உரையாடல் பெட்டிகளும் இந்தப் பங்கீட்டுக்குள் அடங்காதவை என்பதால், பெரும்பாலான டைலிங் மேலாளர்கள் சில சாளரங்களை மிதக்கவிடும் விலக்கு ஒன்றைத் தமக்குள் வைத்திருக்கின்றன. அண்மையில் பேப்பர்டபிள்யூ.எம்., நிரி போன்றவை வேறொரு வழியைக் கண்டிருக்கின்றன: திரையைப் பக்கவாட்டில் முடிவின்றி நீளும் ஒரு சுருளாகக் கொண்டு, புதிய சாளரத்தைச் சுருளில் சேர்த்துவிடுவதால் பழைய சாளரம் சுருங்குவதில்லை. பரப்பு மாறாதது என்ற கணக்கையே மறுத்த இந்த ஏற்பாடு, அந்தத் திடுக்கிடலைப் பலர் வெளியே சொல்லாமல் பொறுத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்றாகலாம்.

இப்படியொரு தேர்வு லினக்ஸில் சாத்தியமானதற்குக் காரணம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர அமைப்பு எடுத்த ஒரு முடிவு. திரையில் வரைவதற்கான வழிவகையைத் தருவதோடு தன் கடமை முடிந்தது, வரைந்தவை எப்படித் தோன்ற வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையைப் பிறர் வகுத்துக்கொள்ளட்டும் என்று அது ஒதுங்கிக்கொண்டது. அதனால் சாளர மேலாளர் என்பது எக்ஸ் அமைப்பில் தனிச்சலுகை ஏதுமற்ற மற்றொரு நிரலாகவே ஆயிற்று; பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு வேறொன்றை ஏற்றலாம், வேலையில் இருக்கும் சாளரங்கள் அப்படியே இருக்கும். நெறிமுறையின் பதினொன்றாம் பதிப்பு 1987-இல் வந்தபின் இந்த ஒதுங்கல் பெருவளத்தையும் அதே அளவுக்குப் பெருங்குழப்பத்தையும் விளைவித்தது. ஒரு நிரலின் பட்டி ஒரு மாதிரியும் அடுத்த நிரலின் பட்டி வேறு மாதிரியும் இருந்த அந்தக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டித்தான், ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபர் 14 அன்று கே.டி.இ. திட்டத்தை அறிவித்தார், அதன் அடித்தளமான கியூட்டி நூலகத்தின் உரிமம் அப்போது கட்டற்றதாக இல்லை என்ற காரணத்தால் மெக்சிகோவின் மிகேல் தெ இகாசாவும் ஃபெதரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. டெஸ்க்டாப் சூழல் பிறந்ததே, நிரல் எழுதத் தெரியாத, இனிமேல்தான் வரப்போகிற ஒரு பயனரை மனத்தில் வைத்து. அதற்கு முன்பிருந்த மேலாளர்கள், எழுதியவர் தமக்கும் தம்மை ஒத்தவர்களுக்கும் என எழுதிக்கொண்டவை. இன்றைய டைலிங் மேலாளர்கள் தொழில்நுட்பத்தில் எவ்வளவு புதியவையாக இருந்தாலும், இந்த ஒரு பொருளில் அந்த மூத்த மரபின் வாரிசுகளே.

டெஸ்க்டாப் சூழல் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை, அவை நின்றுபோகும்வரை வேலைகளாகவே தெரிவதில்லை. மடிக்கணினியின் மூடியைச் சாத்துவதை எடுத்துக்கொள்ளலாம். மூடியைச் சாத்தியதும் கணினி உறங்குவது, லினக்ஸ் வெளியீடுகளில் மிகப் பலவற்றில் சிஸ்டம்டி என்ற அடிப்படைச் சேவையின் பொறுப்பு. ஆகவே வெறும் சாளர மேலாளரை ஓட்டுபவரின் கணினியும் உறங்கவே செய்யும். ஆனால் மூடியைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்டு நிறுத்த வேண்டியது திரைப்பூட்டு. அதை எழுப்பிவிட ஒருவரும் இல்லையென்றால், பாதி எழுதிய கடிதமும் திறந்திருந்த வங்கிக் கணக்கும் முதலில் திறப்பவர் எவரோ அவருக்குக் காட்சியளிக்கும். ஐ3-இன் அண்மைய பதிப்புகள் இதற்கான வரியொன்றைத் தம் இயல்பு அமைவுக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன, எனினும் அந்த வரி அழைக்கும் துணைநிரல் நிறுவப்படாத கணினியில் வரி சும்மா கிடக்கும், டி.டபிள்யூ.எம். அப்படியொரு வரியைக்கூட எழுதிவைப்பதில்லை. நிர்வாகி உரிமை வேண்டும் நிரல்களின் கதை இதைவிட விசித்திரமானது. அவ்வுரிமையை வழங்குவதா மறுப்பதா என்று முடிவுசெய்யும் போல்கிட் என்னும் ஏற்பாடு, கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டியைத் தானே காட்டுவதில்லை; அதற்கென ஒரு முகவர் நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். க்னோமிலும் பிளாஸ்மாவிலும் அம்முகவர் எப்போதும் இருப்பதால் அப்படியொன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. அது இல்லாத இடத்தில், வட்டைப் பகுக்கும் நிரலொன்றைப் பட்டியலிலிருந்து திறக்க முயல்பவருக்குப் பெரும்பாலும் பிழைச்செய்திகூடக் கிடைப்பதில்லை. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். பென் டிரைவைச் செருகினால் தானாகத் திறப்பது, மின்கலம் தீரப்போவதை எச்சரிப்பது, வகுப்பறையிலோ கூட்டத்திலோ ஒளிவீழ்த்தியை இணைத்ததும் படம் அதில் விழுவது, கைபேசியின் ப்ளூடூத்தைக் கண்டுகொள்வது, கடவுச்சொற்களைப் பூட்டிவைப்பது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அறிவிப்புக்கு டன்ஸ்ட், நிரல்களை அழைக்க ரோஃபி, நிலைப்பட்டிக்குப் போலிபார், நிழலுக்கும் ஒளியூடுருவலுக்கும் பைகாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் உண்டு. அவற்றைத் தேர்ந்து, நிறுவி, ஒன்றோடொன்று பேசவைக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அவர் டெஸ்க்டாப் சூழலைத் துறக்கவில்லை. ஒரே ஒரு பராமரிப்பாளரையும் ஒரே ஒரு பயனரையும் கொண்ட டெஸ்க்டாப் சூழல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். இலேசு என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி, கணினியின் நினைவகத்திலிருந்து மனிதரின் நினைவுக்கு மாற்றி எழுதப்பட்ட சுமை.

இந்தச் சுமையை எவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது என்பதில் மேலாளர்களுக்கிடையே சுவையான வேறுபாடு உண்டு. அன்செல்ம் கார்பே 2006-இல் தொடங்கிய டி.டபிள்யூ.எம்., தன் மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டலாகாது என்று வரம்பு விதித்துக்கொண்டது. அதில் ஒரு குறுக்குவிசையை மாற்றக்கூட மூலக்கோப்பைத் திருத்தி நிரலை மறுபடி தொகுக்க வேண்டும். இந்த ஏற்பாடு தன் பயனர் கூட்டத்தைச் சிறியதாகவும் மேட்டிமை உடையதாகவும் வைத்திருக்கும் என்று அத்திட்டத்தின் அறிமுகக் குறிப்பே சொல்லிக்கொள்கிறது. அதில் பாதி கேலி இருக்கலாம், பாதி உண்மையும் இருக்கிறது. வருகிறவர் எவரோ அவருக்காக எதையும் செய்வதில்லை என்ற நிலைப்பாட்டை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்தவர்கள் குறைவு. 2007-இல் ஹாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட எக்ஸ்மோனாட், தன் அமைவுக் கோப்பையே அந்த மொழியின் நிரலாக ஆக்கியதன்மூலம் வேறொரு வகை நுழைவுத்தேர்வை வைத்தது. மிக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் வெளியிட்ட ஐ3 இவற்றிலிருந்து விலகி நிற்பது அதன் ஆவணத்தால். அமைவை எளிய உரைக்கோப்பாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பொறுமையான விளக்கம் தரும் கையேட்டையும் கூடவே எழுதி, முதன்முறை திறக்கும்போது எந்த விசையை முதன்மையாகக் கொள்வது என்று கேட்டுவிட்டே அது உள்ளே அனுமதிக்கிறது. ஆயினும் அனுமதித்தபின் அது காட்டுவது, அடியில் ஒற்றை நிலைப்பட்டி கொண்ட வெறுந்திரை. ஐ3 தெரிந்தவருக்கு அது அமைதி. தெரியாதவருக்குக் கணினி பழுதாகிவிட்டது என்பதன் அடையாளம். அணைப்பதற்கான பொத்தான்கூட அங்கே கண்ணில் படாது.

இதுவரை சொன்னது டெஸ்க்டாப் சூழலுக்குச் சாதகமான வாதமாகத் தோன்றக்கூடும்; அது அவ்வளவு எளிதில் முடிவதில்லை. முகமறியாத ஒருவருக்காக ஒழுங்குபடுத்தப்பட்ட இடத்தில், அங்கேயே நெடுங்காலம் குடியிருப்பவரின் பழக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது. க்னோம் 2 வெளிவந்த 2002-இல் அதன் நிரலாளர்களில் ஒருவரான ஹேவக் பென்னிங்டன், ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று வாதிட்டார்: ஒவ்வொரு தேர்வும் சோதிக்க வேண்டிய சேர்க்கைகளைப் பெருக்கும், வழுக்களை ஒளித்துவைக்கும், அமைப்பு உரையாடலை நிரப்பும். வாதம் சரியானதே, ஆனால் அந்த விலையைக் குறைக்க நீக்கப்பட்ட ஒவ்வொரு பொத்தானும் எவரோ ஒருவரின் கைப்பழக்கமாக இருந்தது. 2008 ஜனவரியில் கே.டி.இ. 4 வந்தபோதும், 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோதும், ஆண்டுக்கணக்கில் பழகிய ஏற்பாடுகள் பல ஒரே மேம்படுத்தலில் மாறிப்போயின. பழைய க்னோமைக் காப்பாற்ற மேட் என்ற கிளை பிரிந்தது; லினக்ஸ் மின்ட் வெளியீட்டினர் சின்னமன் என்ற சூழலை உருவாக்கினார்கள்; லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐக் கடுமையாக ஏசிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ சூழலுக்குப் போய், பின்னர் திரும்பி வந்தார். உபுண்டு 2011-இல் முதன்மையாக்கிய யூனிட்டி என்னும் முகப்பு 2017-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பழகிய கைகளை யாரும் கேட்கவில்லை. இதற்கு மாறாக, ஐ3-க்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அமைவுக் கோப்பு இன்றும் ஏறக்குறைய அப்படியே செல்லுபடியாகிறது. 2019-இல் முதல் நிலைப்பதிப்பை எட்டிய ஸ்வே அதே கோப்பை வாசிக்கும்படியே வடிவமைக்கப்பட்டதால், அடியில் இருந்த வரைவு அமைப்பு முழுதும் மாறியபோதும் பயனரின் விரல்கள் அதை உணரவில்லை. பெருந்திட்டமும் பல பொறியாளர்களும் பின்னிருக்கும் சூழலில் பழக்கம் நிலையாமையோடும், ஒற்றைக் கோப்பில் வாழும் மேலாளரில் அது நிலைபேற்றோடும் இருப்பது விநோதமே. ஆனால் அந்த நிலைபேறு ஒருவருடைய பழக்கத்துக்கு மட்டும் உரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் எழுதுபவருக்கு இந்தத் தேர்வில் தனியே சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் வேலைசெய்பவர்கள் எழுதிய ஒப்பீடுகளில் அவை இடம்பெறுவது அரிது. க்னோமில் விசைப்பலகை அமைப்பைத் திறந்து தமிழை ஓர் உள்ளீட்டு மூலமாகச் சேர்த்தால் அதோடு வேலை முடிந்தது. தட்டெழுதுவதைத் தமிழாக்கும் ஐபஸ் என்ற சேவையை அச்சூழலே தொடங்கிப் பேணுகிறது. எக்ஸ் அமைப்பில் வெறும் சாளர மேலாளரை ஓட்டுபவர் அச்சேவையைத் தாமே தொடங்கவும், ஒவ்வொரு வகை நிரலும் அதைக் கண்டுகொள்ளும்படி மூன்று சூழல்மாறிகளை உரிய கோப்பில் எழுதவும் வேண்டும். ஒன்றை மறந்தால் உலாவியில் தமிழ் வரும், சொற்செயலியில் வராது. ஐபஸைத் தவிர்த்து, விசைப்பலகைத் தளவமைப்பையே 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99-க்கு மாற்றிக்கொண்டால் வேறொரு இடர் காத்திருக்கிறது. டைலிங் மேலாளரின் கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளோடு பிணைக்கப்பட்டவை. தளவமைப்பு தமிழுக்கு மாறியதும் அதே விசை தமிழெழுத்தைத் தருவதால், சாளரத்தை நகர்த்தும் கட்டளை எழுதிக்கொண்டிருக்கும் வரியின் நடுவில் செயலிழந்து நிற்கக்கூடும். எழுத்தைச் சொல்லாமல் விசையின் இடத்தைச் சொல்லிப் பிணைக்கும் வழி ஐ3-லும் ஸ்வேயிலும் உண்டு. கையேட்டைப் படித்தவருக்குத்தான் அது தெரியும். எல்லாவற்றையும்விட ஆழமான இடர் முனையத்தில் இருக்கிறது. டைலிங் பண்பாட்டின் மையமே முனையம்; முனையமோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்ற விதியின்மேல் நிற்பது. யூனிகோடில் மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும் ஒற்றைக் கொம்பு, திரையில் அதன் முன்னே வரையப்பட வேண்டியது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் நிலையைத் தவிர்த்துவிட்ட முனைய நிரல்களில் கொம்பு தன் மெய்யை விட்டுத் தவறான பக்கத்தில் நிற்கும். கோப்புறைக்குத் தமிழில் பெயரிட்டவர், முனையத்தில் இயங்கும் கோப்பு உலாவியில் அப்பெயரைப் படிக்கத் திணறுவார். வரைகலைக் கோப்பு உலாவியில் அப்படி நேர்வதில்லை. விசைப்பலகையும் முனையமும் போதும் என்ற பரிந்துரையில், எந்த எழுத்தை எழுதுபவருக்குப் போதும் என்பது சொல்லப்படாமலே விடப்படுகிறது. திரையை வாசித்துக் காட்டும் ஓர்கா என்ற நிரலை நம்பியிருக்கும் பார்வையற்ற பயனரின் நிலையும் இதை ஒத்ததே. க்னோமில் அது ஒரு குறுக்குவிசையில் பேசத் தொடங்கும், வெறும் சாளர மேலாளரில் அதைப் பேசவைப்பதற்கே முதலில் திரையைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.

எக்ஸ் அமைப்பு ஒதுங்கிக்கொண்டு திறந்துவிட்ட வாசல் இப்போது மூடிக்கொண்டு வருகிறது என்பதையும் மறக்கலாகாது. கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலாண்ட் நெறிமுறையில், திரையில் வரைவதை ஒருங்கிணைக்கும் நிரலும் சாளரங்களை ஒழுங்குசெய்யும் நிரலும் பொதுவாக ஒன்றே. ஒரு சாளர மேலாளரை மட்டும் எழுதுவது என்பதன் பொருள் அதனால் மாறிவிட்டது. சுட்டியின் அசைவு, திரையின் தெளிவு, விசைப்பலகையின் தளவமைப்பு யாவற்றையும் அந்த ஒரே நிரல் தாங்க வேண்டியிருப்பதால் 2000 வரி வரம்பு அங்கே கனவாகிவிடுகிறது. ஸ்வேயை எழுதியவர்கள் பொதுப்பகுதியைப் பிரித்து டபிள்யூ.எல்.ரூட்ஸ் என்ற நூலகமாக்கியதால்தான் சிறிய மேலாளர்கள் பல அதன்மேல் எழ முடிந்தது. மறுபுறம், 2023 பிப்ரவரியில் வெளிவந்த பிளாஸ்மா 5.27 திரையைப் பங்கிடும் வசதியொன்றைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. கணினி விற்கும் சிஸ்டம்76 நிறுவனம் 2020-இல் க்னோமின்மேல் ஓடும் டைலிங் நீட்சியைத் தந்து, பின் டைலிங்கைத் தன்னுள்ளேயே கொண்ட காஸ்மிக் என்னும் முழுச்சூழலைக் கட்டத் தொடங்கியது. சாளரங்களை அடுக்கும் கலை இப்படி டெஸ்க்டாப் சூழலுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்ட பின்னும் இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றால், வேறுபாடு அடுக்குவதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. தம்முடைய கருவியின் ஒவ்வொரு வரியையும் தாமே எழுதியிருக்க வேண்டும் என்ற விருப்பம் ஒருபக்கம். கருவியைப் பற்றி எண்ணாமலே வேலையைத் தொடங்க வேண்டும் என்ற விருப்பம் மறுபக்கம். முதலாவதை வீண்பொழுது என்று ஒதுக்குவது எளிது, அநியாயமும்கூட. மூடியைச் சாத்தினால் என்ன நடக்கிறது என்பதைத் தாமே எழுதிப் பார்த்தவருக்கு, அது தானாக நடப்பதன் பின்னே எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது தெரியும். டெஸ்க்டாப் சூழலைச் சரியாக மதிக்கத் தெரிந்தவர்களில் அதை ஒருமுறை விட்டுப் போனவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

எனவே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது, அந்தக் கணினியின் முன் உட்காரப்போகிறவர் எத்தனை பேர் என்ற, தொழில்நுட்பம் சாராத ஒரு கணக்கு. பள்ளியிலோ நூலகத்திலோ பலர் கைபடும் கணினியில், அல்லது வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினியில், டெஸ்க்டாப் சூழலைத் தவிர வேறொன்றை நிறுவுவது அங்கே வருபவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஒருவர் மட்டுமே புழங்கும் கணினியில், அவருடைய வேலை பெரும்பாலும் எழுத்தாகவும் நிரலாகவும் இருந்து, கையேடு படிக்கும் பொறுமையும் அவருக்கு இருக்குமானால், டைலிங் மேலாளரைத் தடுக்கத்தக்க வலுவான காரணம் எதுவுமில்லை. ஆனால் ஒருவர் மட்டுமே என்ற அந்த நிபந்தனை பார்ப்பதைவிட நொய்ந்தது. உரிமையாளர் நோயுற்று மருத்துவமனையில் கிடக்கும் நாளில் அவருடைய காப்பீட்டுத் தாளை அச்செடுக்க வேண்டியவர் அவர் மனைவியாகவோ தம்பியாகவோ இருப்பார். ஓராண்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டுத் திரும்பும் உரிமையாளரும் தம் குறுக்குவிசைகளில் பாதியை மறந்த அயலாராகவே திரும்புவார். இதற்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. லினக்ஸின் உள்நுழைவுத் திரைகளில் மிகப் பலவும், அன்றைக்கு எந்த அமர்வைத் திறப்பது என்று கடவுச்சொல்லுக்குப் பக்கத்திலேயே கேட்கின்றன. ஐ3-உம் க்னோமும் ஒரே கணினியில் ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி நிறுவப்பட்டிருக்கலாம், வட்டில் சில ஜிகாபைட் இடத்தைத் தவிர அதற்கு வேறு செலவில்லை. டைலிங்கையே விரும்புகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். உள்நுழைவுத் திரையின் பட்டியலில் முழுச்சூழல் ஒன்றையும், அதற்குள் வீட்டாருக்கென ஒரு தனிக்கணக்கையும், அச்சுப்பொறி வேலைசெய்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்த நிலையில், விட்டுவைக்க வேண்டும்.